காற்றாலை, சூரிய மின் திட்டங்களுக்கு ஊரின் ஒப்புதல்: இழப்பீட்டை உயர்த்துவதற்கு முன் செய்ய வேண்டியவை

கேள்வி இதுதான்: நூறு மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலை அல்லது சூரிய மின் திட்டம். நிலம் பெரும்பாலும் பேசி முடித்தாயிற்று, அனுமதிகள் வந்துகொண்டிருக்கின்றன. முதல் ஊர்க் கூட்டத்திலேயே கடும் எதிர்ப்பு. அடுத்து விழிப்புணர்வு முகாம் நடத்துவதா, இழப்பீட்டை உயர்த்துவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நிலம் பேசி முடித்த பிறகு முதல் கூட்டம் என்ற வரிசையில்தான் கோளாறு இருக்கிறது. ஊருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்துத் துண்டறிக்கை அடித்தால், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறார்கள்" என்ற கோபம் கூடுதலாகச் சேரும். பணத்தை உயர்த்தினால், "வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்" என்ற பேச்சு கிளம்பும். எல்லாம் முடிந்த பிறகு வந்து கேட்கிறார்கள் என்ற உணர்வை இரண்டும் தொடுவதில்லை.

நெதர்லாந்து ஆய்வாளர் மார்டன் வொல்சிங்க் காற்றாலைகள் மீதான ஆதரவு 'யூ' வடிவில் நகர்வதைக் காட்டினார். திட்டம் எதுவும் இல்லாதபோது ஆதரவு அதிகம், இடம் குறிக்கப்பட்டதும் சரிவு, ஓடத் தொடங்கிய பிறகு மறுபடி ஏற்றம். திட்டக்காரர்கள் பலர் இதை "கட்டி முடித்துவிட்டால் பழகிவிடுவார்கள்" என்று தங்களுக்குச் சாதகமாகப் படித்துக்கொள்கிறார்கள். அந்த ஏற்றம் தானாக வருவதல்ல. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம், காற்றாலைகளுக்கு 5 மைலுக்குள் வசிக்கும் 1,700-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. எதிர்மறையான எண்ணம் கொண்டவர்கள் சுமார் 8 விழுக்காடுதான். அரை மைலுக்குள் வசிப்பவர்களில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு. திட்டமிடல் நேர்மையாக நடந்ததா என்பதில் கேட்கப்பட்டவர்களுக்கு இருந்த எண்ணம், காற்றாலை மீதான மனப்பான்மையோடு நெருக்கமாகப் பிணைந்திருந்தது. ஆகவே தூரமும் முக்கியம், நடைமுறையும் முக்கியம். தூரத்தை வரைபடத்தில் சரிசெய்யலாம். நடைமுறையை அப்படித் திருப்பி எழுத முடியாது.

மாற்ற முடிந்தது எது என்ற பட்டியல்

அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பொறியாளர்களோடு உட்கார்ந்து ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். இனி மாற்றவே முடியாதவை, செலவு செய்தால் மாற்ற முடிந்தவை, இன்னும் முடிவே எடுக்காதவை. முதல் பத்தியில் பெரும்பாலும் துணை மின் நிலையத்தின் இடமும் மொத்தத் திறனும் இருக்கும். இரண்டாவதில் ஒவ்வொரு காற்றாலையின் இடம், அணுகுசாலை, மின்பாதையின் தடம், வேலியின் எல்லை. மூன்றாவதில் வேலை நேரம், லாரிகள் போகும் வழி, தண்ணீர் எடுக்கும் இடம், லாபத்தில் ஊருக்குப் பங்கு தரும் பயன் நிதியின் அமைப்பு. இந்தத் தாளை அப்படியே ஊர் முன் வையுங்கள். முதல் பத்தியை மறைத்துவிட்டு "உங்கள் கருத்து எல்லாவற்றையும் கேட்கிறோம்" என்று சொன்னால், மூன்றாவது கூட்டத்தில் அம்பலப்படுவீர்கள்.

இரண்டாவது, மூன்றாவது பத்திகள் காலியாக இருந்தால் கூட்டமே போடாதீர்கள். அறிவிப்பு என்று சொல்லி அறிவித்துவிட்டுப் போங்கள். அதிலாவது நேர்மை இருக்கும். கலந்தாலோசனை என்று அழைத்துவிட்டு முடிவைப் படித்துக்காட்டுவதைவிட அது மேல்.

கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் இருக்கும் மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதி இதற்கு நல்ல சான்று. முதல் வரைவில் மூன்று வரிசைகளில் 27 காற்றாலைகள். பொதுமக்கள் எதிர்த்த பிறகு, ஒரே வளைகோட்டில் 20 காற்றாலைகளாக அது மாறியது. 2000-ல் 40 மெகாவாட் திறனோடு ஓடத் தொடங்கியது. பாதி உரிமை 8,500-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்திடம். பலரும் பங்கு உரிமையைத்தான் எடுத்துச் சொல்வார்கள். எதிர்ப்பைக் கேட்டு ஏழு காற்றாலைகளைக் குறைத்தது என் பார்வையில் அதைவிடப் பெரிய செய்தி: தாங்கள் சொன்னதால் வரைபடம் மாறியதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

ஊர் என்றால் யார்?

பட்டாதாரர்களோடு மட்டும் பேசிவிட்டு "ஊர் சம்மதித்துவிட்டது" என்று எழுதிக்கொள்வதுதான் பெரிய திட்டங்களை நீதிமன்றம்வரை இழுத்துச் செல்லும் பிழை. மேய்ச்சல்காரர், குத்தகை விவசாயி, கூலித் தொழிலாளி, விறகு பொறுக்குபவர், மீனவர், ஓடையின் கீழ்ப்பகுதியில் வயல் வைத்திருப்பவர் என யாருடைய பெயரும் நீங்கள் எடுக்கும் நிலத்தின் பதிவேட்டில் இருக்காது. இழப்பு மட்டும் அவர்களுக்கு முதலில் வரும்.

நார்வேயின் ஃபோசென் பகுதியில் ஸ்டோர்ஹெய்யா, ரோவான் ஆகிய இரண்டு தொகுதிகளில் 151 காற்றாலைகள் ஓடிக்கொண்டிருந்தபோதே, 2021 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உரிமங்கள் செல்லாது என்றது. பனிமான் மேய்க்கும் 'சாமி' (Sámi) என்ற பழங்குடி மக்களின் பண்பாட்டு உரிமை மீறப்பட்டது என்பது காரணம். பிறகும் உடன்பாடு எட்ட 2023 டிசம்பர், 2024 மார்ச் வரை ஆயிற்று. கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலைத் திட்டம் 365 காற்றாலைகளும் 310 மெகாவாட்டும் கொண்டது. அதே 2021 அக்டோபரில், அதன் நிலப் பத்திரங்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என்று மேரு நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூக நிலமாக மேய்ச்சலுக்குப் பயன்பட்ட பரப்பு அது. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்தில் சான் தியோனிசியோ தெல் மார் கடற்கரைத் திட்டில் 132 காற்றாலைகள், 396 மெகாவாட் என்று போட்ட திட்டம், மீனவர்களும் பழங்குடி மக்களும் எதிர்த்து நீதிமன்றத் தடை வாங்கியதால் அந்த இடத்தில் வரவேயில்லை. நிலக் குத்தகை ஒப்பந்தம் 2004-லேயே போடப்பட்டிருந்தது என்பதைக் கவனியுங்கள். கையெழுத்து இருந்தது, சம்மதம் இல்லை.

பழங்குடி மக்களின் நிலத்தில் முன்கூட்டிய, வற்புறுத்தலற்ற, விவரமறிந்த ஒப்புதல் வேண்டும் என்பதை 2007-ன் ஐ.நா. பிரகடனம் சொல்கிறது. கடன் தரும் வங்கிகள் பல பின்பற்றும், உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த பன்னாட்டு நிதிக் கழகத்தின் 2012 செயல்திறன் தரநிலைகளும் குறிப்பிட்ட சூழல்களில் இதைக் கேட்கின்றன. நிலத்துக்குச் சட்ட உரிமை இல்லாதவரின் வாழ்வாதார இழப்பையும் அவை கணக்கில் எடுக்கச் சொல்கின்றன. உங்கள் மேலிடம் "பட்டா இல்லாதவனுக்கு எதற்கு?" என்று கேட்டால், கடன் ஒப்பந்தத்தின் இணைப்பைப் பிரித்துக் காட்டுங்கள். நியாயத்துக்கு அசையாதவர்கள் வங்கி தரும் கடன் தவணை நின்றுவிடும் என்றால் அசைவார்கள்.

நடைமுறையில் செய்ய வேண்டியது: திட்டப் பரப்பை ஓராண்டின் வெவ்வேறு பருவங்களில், காலை, மாலை இரண்டு வேளையும், உள்ளூர்க்காரர்களோடு நடந்து பாருங்கள். கோடையில் தரிசாகக் கிடக்கும் இடம் மழை முடிந்ததும் மேய்ச்சல் நிலமாகும். வண்டிப் பாதை, சுடுகாட்டுக்குப் போகும் வழி, சிறு கோவில், நீர் ஓடும் தடம், கால்நடை தண்ணீர் குடிக்கும் குட்டை எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். புள்ளியோடு குறியுங்கள். பெண்களோடு தனியாக, அவர்களுக்கு வசதியான நேரத்தில் பேசுங்கள். பொதுக் கூட்டத்தில் எழுந்து பேசுபவர்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே வகை ஆட்கள்தான்.

இடைத்தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. திட்டச் செய்தி கசிந்ததும் அடிமாட்டு விலைக்கு நிலம் வாங்கிக் குவிப்பவர்கள் வருவார்கள். விற்றவர் ஆறு மாதம் கழித்து உங்கள் விலையைக் கேட்டதும் உங்களைத்தான் எதிர்ப்பார், தரகரை அல்ல. பரப்பளவுக்கான குத்தகைத் தொகையை முதல் நாளே எல்லாருக்கும் ஒன்றாக, எழுத்தில் அறிவித்துவிடுவது இதற்கு மருந்து. ஆளுக்கொரு விலை பேசும் இடத்தில் ரகசியம் ஒரு மாதம்கூடத் தாங்காது.

பாதிப்பை எண்ணில் சொல்லுங்கள்

"பாதிப்பு மிகக் குறைவு" என்ற சொற்றொடரை உங்கள் ஆவணங்களிலிருந்து அடித்துவிடுங்கள். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள்.

இரைச்சலில் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் காற்றாலை இரைச்சலுக்கு, பகல் மாலை இரவு மூன்றையும் எடையிட்ட சராசரியாக 45 டெசிபல் என்ற வரம்பைப் பரிந்துரைத்தது. ஜெர்மனியில் பொதுக் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 40 டெசிபல். ஆனால் ஊர்க்காரர் கேட்கப்போவது சராசரியை அல்ல. இறக்கை சுற்றும்போது வரும் 'உஷ்... உஷ்' என்ற ஏற்ற இறக்கத்தை. மூன்று இறக்கைகள், நிமிடத்துக்கு 10 முதல் 12 சுற்று என்றால், நிமிடத்துக்கு முப்பது முப்பத்தாறு முறை. நகரத்தில் அது காதிலேயே விழாது. இரவில் வேறு சத்தமே இல்லாத ஊரில், வரம்புக்குள் இருக்கும் 38 டெசிபல்கூடத் தூக்கத்தைக் கெடுக்கலாம். ஆகவே கட்டுவதற்கு முன்பே, வீடுகளின் அருகே, காற்று வேகத்தோடு சேர்த்துப் பின்னணி ஒலியை அளந்து வையுங்கள். அளக்காமல் விட்டால் பிறகு வரும் புகாரில் யார் சொல்வது சரி என்று தீர்க்க வழியே இருக்காது. குறைக்க மூன்று வழிகள் உண்டு: தூரம் (ஒற்றை மூலத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும்), இறக்கையின் பின்விளிம்பில் ரம்பப் பல் போன்ற பட்டை (இரண்டு மூன்று டெசிபல்), இரவில் சுழல் வேகத்தைக் குறைத்து ஓட்டும் முறை. மூன்றாவது மின் உற்பத்தியைக் குறைக்கும். வருவாய்க் கணக்கில் அந்த இழப்பை முன்கூட்டியே சேர்க்காத நிறுவனம், புகார் வரும்போது அந்த முறையைப் போட மறுக்கும். சண்டை அங்கேதான் வெடிக்கிறது.

மனம் செய்யும் வேலையும் உண்டு. நியூசிலாந்தில் ஃபியோனா கிரைட்டனும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், செவிக்கு எட்டாத தாழ்ஒலி கெடுதல் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்கள், வெறும் அமைதியை 'ஒலி' என்று சொல்லி வைத்தபோதும் உடல் தொந்தரவுகளைச் சொன்னார்கள். இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி "எல்லாம் உங்கள் கற்பனை" என்று வாதாடும் ஆலோசகர்களை வீட்டுக்கு அனுப்புங்கள். இதே துறையில் இன்னொரு முடிவும் இருக்கிறது: நெதர்லாந்தில் 725 பேரிடம் நடத்திய ஆய்வில், காற்றாலையால் வருமானம் பெற்றவர்கள் அதே ஒலியால் எரிச்சலடைவது மிகக் குறைவாக இருந்தது. எரிச்சலை ஒலி மட்டும் உண்டாக்குவதில்லை. அந்தக் காற்றாலை யாருடையது, அது அங்கே நிற்க வேண்டும் என்று யார் முடிவு செய்தது என்பதும் சேர்ந்தே காதில் விழுகிறது.

நிழல் சிமிட்டல் எளிது. சூரியன் தாழ்ந்திருக்கும்போது இறக்கையின் நிழல் சன்னலில் வெட்டி வெட்டி விழும். ஜெர்மனியில் ஆண்டுக்கு 30 மணி, நாளுக்கு 30 நிமிடம் என்ற உச்சவரம்பு வழக்கில் இருக்கிறது. எந்த வீட்டில் எந்த மாதம் எந்த நேரம் என்று மென்பொருள் துல்லியமாகச் சொல்லிவிடும். அந்த நிமிடங்களில் மட்டும் காற்றாலையை நிறுத்தும் ஒளி உணரியைப் பொருத்தலாம். இரவுச் சிவப்பு விளக்கையும் அப்படித்தான், விமானம் நெருங்கும்போது மட்டும் எரியும் கருவியால் பெரும்பாலான நேரம் அணைத்து வைக்கலாம், விமானத் துறை அனுமதித்தால்.

கட்டுமானக் காலத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. பெரிய காற்றாலை ஒன்றின் அடித்தளத்துக்கு 600 முதல் 800 கன மீட்டர் கான்கிரீட் போகும். லாரிக்கு 7 கன மீட்டர் என்றால் நூறு நடை. திரும்பி வருவதையும் சேர்த்தால் இருநூறு முறை ஒரே தெரு வழியாக. இடையில் நிறுத்தினால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சேரும் இடம் பலவீனமாகும் என்பதால் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். வேலை நள்ளிரவைத் தாண்டலாம். இப்படி முப்பது அடித்தளங்கள். தேதியைப் பத்து நாள் முன்பே வீடு வீடாகச் சொல்லுங்கள். தேர்வு, திருவிழா, அறுவடை நாள்களைத் தவிருங்கள். சாலையோர வீடுகளின் சுவரை வேலைக்கு முன்பே தேதியிட்டுப் படமெடுத்து, படத்தின் ஒரு பிரதியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு வரும் விரிசல் பழையதா புதியதா என்ற தகராறே எழாது.

சூரிய மின் பூங்காவில் பிரச்சினைகள் வேறு. ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் என்பதால் நூறு மெகாவாட் ஏறத்தாழ ஐந்நூறு ஏக்கரை வேலிக்குள் எடுத்துக்கொள்ளும். காற்றாலைக்குக் கீழே ஆடு மேயும். வேலிக்குள் நீங்கள் விட்டால்தான் மேயும். எனவே வேலியை ஒரே சுற்றாகப் போடாமல், பழைய பாதைகளையும் ஓடைகளையும் வெளியே விட்டுத் துண்டு துண்டாகப் போடுங்கள். கேபிள் நீளம் கூடும், கூடட்டும். சிற்றுயிர்கள் போய்வர வேலிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தரையைச் சமன்படுத்தும்போது வாய்க்கால்களை மூடிவிட்டால் முதல் பெருமழையில் கீழ்வயல் மூழ்கும்; அந்த ஒரு மழை அதுவரை கட்டிய நம்பிக்கையை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

பேனல் கழுவும் தண்ணீர்க் கணக்கையும் மறைக்காதீர்கள். 550 வாட் பேனல் என்றால் நூறு மெகாவாட்டுக்குச் சுமார் 1.8 லட்சம் பேனல்கள். பேனலுக்கு இரண்டு லிட்டர் வைத்தால் ஒரு முறைக்கு 3.6 லட்சம் லிட்டர், மாதம் இரண்டு முறை என்றால் 7.2 லட்சம் லிட்டர். வறண்ட பகுதியில் இதை ஆழ்துளைக் கிணற்றில் எடுத்தால் எதிர்ப்பு நியாயமானது. தண்ணீரின்றித் தூசி தட்டும் இயந்திரங்களுக்கு முதலீடு கூடுதல். ஊரோடு தண்ணீருக்குச் சண்டை போடுவதைவிட மலிவு.

வேலைவாய்ப்பில் வாய் தவறுவது எல்லாரும் செய்வது. கட்டும்போது நூற்றுக்கணக்கானவர்கள், அதுவும் சில மாதங்கள். ஓடத் தொடங்கியதும் காவல், புல் வெட்டுதல், கழுவுதல், சில தொழில்நுட்பப் பணிகள் என்று சுருங்கிவிடும். "500 வேலை" என்று சொல்லாதீர்கள். எந்த வேலை, எத்தனை பேர், எத்தனை மாதம், எவ்வளவு கூலி என்று அட்டவணையாகக் கொடுங்கள்.

பணம்

இழப்பீடு வேறு, பயன் பகிர்வு வேறு. முதலாவது சேதத்துக்கு ஈடு. அதைத் தானம் போலக் கொடுக்கக் கூடாது. இரண்டாவது, அங்கே வீசும் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரும் லாபத்தில் ஊருக்கு உள்ள பங்கு. இரண்டுக்கும் வெவ்வேறு கணக்கு, வெவ்வேறு தாள்.

பங்குக்கு அளவுகோல்கள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் அரசின் வழிகாட்டுதல் ஆண்டுக்கு ஒரு மெகாவாட்டுக்கு 5,000 பவுண்டு, விலைவாசியோடு உயரும்படி. ஜெர்மனியின் சட்டம், 2.5 கிலோமீட்டருக்குள் வரும் உள்ளாட்சிகளுக்கு யூனிட்டுக்கு 0.2 சென்ட்வரை கொடுக்க வழி செய்கிறது, ஆண்டுக்கு 1.5 கோடி யூனிட் தரும் ஒரு காற்றாலைக்கு அது 30,000 யூரோ. டென்மார்க் 2008-ன் சட்டத்தில் குறைந்தது 20 விழுக்காடு பங்குகளைச் சுற்றுவட்டார மக்களுக்கு முதலில் விற்கக் கட்டாயப்படுத்தியது. 2020-ல் அதைக் கைவிட்டு நேரடித் தொகைக்கு மாறியது. பங்கு வாங்கக் கையில் காசு இருப்பவருக்குத்தான் பங்கு கிடைக்கும் என்பதே அந்த முறையின் பலவீனம். நீங்கள் பங்கு தருவதாக இருந்தால், இல்லாதவர்களுக்கு முதல் சில ஆண்டு லாபத்திலேயே கழித்துக்கொள்ளும் கடனோடு தாருங்கள்.

நிலம் கொடுத்தவருக்குக் குத்தகை வரும். அடுத்த நிலத்துக்காரருக்கு இரைச்சல் மட்டும் வரும். ஊரை இரண்டாக உடைப்பது இதுதான். காற்றாலையிலிருந்து தூரத்தைக் கணக்கிட்டு, எல்லைக்கு அப்பாலும் ஆண்டுத் தொகை கொடுங்கள். உயர் அழுத்த மின்பாதை கடக்கும் ஊர்களையும் சேருங்கள். அவர்களுக்குக் கோபுரம் மட்டும்தான் மிச்சம், பெரும்பாலும் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்பட்டிருக்க மாட்டார்கள். கர்நாடகத்தின் பாவகடா சூரிய மின் பூங்காவில் ஏறத்தாழ 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். உரிமை விவசாயியிடமே இருந்தது, தொகை இடைவெளிவிட்டு உயர்ந்தது. நல்ல அமைப்பு. ஆனால் அந்த வயல்களில் கூலி வேலை செய்த நிலமற்றவர்களுக்குக் குத்தகையில் எதுவும் இல்லை. குத்தகை எவ்வளவு சிறந்ததானாலும் இந்த ஓட்டை அதற்குள்ளேயே இருக்கிறது. தனி ஏற்பாடு செய்தால்தான் அடைபடும்.

நிதியை யார் கையாள்வது என்பதில் அவசரம் வேண்டாம். நிறுவனமே பயனாளிகளைத் தேர்ந்தெடுத்தால் விளம்பரமாகிவிடும். ஊர்த் தலைவர் ஒருவர் கையில் போனால் அடுத்த தேர்தல்வரை சண்டை. பல தரப்பினரும் இருக்கும் அறக்கட்டளை, ஆண்டுதோறும் தணிக்கை, கணக்கைப் பொது இடத்தில் ஒட்டுதல் ஆகியவை குறைந்தபட்சம்.

ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை வழக்கறிஞர்கள் வசதியாக விட்டுவிடுவார்கள். திட்டங்கள் கட்டி முடித்ததும் கைமாறுவது வழக்கம். வாங்குபவரையும் கட்டுப்படுத்தும் விதி பத்திரத்திலேயே இல்லாவிட்டால், நீங்கள் கூட்டத்தில் கொடுத்த வாக்கு உங்களோடு போய்விடும். இரண்டாவது, ஆயுள் முடிந்ததும் அகற்றுதல். அடித்தளத்தை எத்தனை மீட்டர் ஆழம்வரை எடுப்பது, செலவுக்கான வைப்புத்தொகை எந்த ஆண்டிலிருந்து யார் பெயரில் என்று எழுதுங்கள். நிலம் கொடுப்பவர் தன் சொந்த வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்ட நீங்களே கட்டணம் கொடுங்கள். மொத்தச் செலவில் அது துரும்பு.

எதிர்ப்பு ஏற்கெனவே முற்றியிருந்தால்

நிறுத்துங்கள். போலீஸ் பாதுகாப்போடு மண் தோண்டத் தொடங்கிய திட்டத்துக்கு மீட்சி கடினம். எல்லாரும் அறிய ஒரு கால இடைவெளியை அறிவித்து, அதற்குள் களத்தில் எந்த வேலையும் நடக்காது என்று எழுதிக் கொடுங்கள். தகராறில் இருக்கும் தொழில்நுட்பக் கேள்விகளுக்கு, ஊரார் தேர்ந்தெடுக்கும் நிபுணரை நீங்கள் பணம் கொடுத்து அமர்த்துங்கள். அறிக்கை இரு தரப்புக்கும் ஒரே நாளில் போகட்டும். உங்கள் பக்கத்திலிருந்து, இடத்தை மாற்றும் அதிகாரம் உள்ளவர் வந்து உட்கார வேண்டும். "மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்பவரை அனுப்பினால் அடுத்த முறை நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக எதிர்ப்பதில்லை. இந்த இடத்தில் எதுவுமே வேண்டாம் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களை வாங்கவோ உடைக்கவோ முயலாதீர்கள், அந்தச் செய்தி பரவினால் நடுவில் இருப்பவர்களும் அவர்கள் பக்கம் போவார்கள். புனித இடமோ ஒரே மேய்ச்சல் நிலமோ பறிபோகிறது என்பதுதான் காரணமென்றால் அந்த இடத்தை விட்டுவிடுவதே வழி. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் குறிப்பிட்ட இரண்டு மூன்று காற்றாலைகளோடோ வேலியின் ஒரு பக்கத்தோடோதான் பிரச்சினை. அவற்றைக் கைவிட்டால் குறையும் உற்பத்தியையும், ஓராண்டுத் தாமதத்துக்கான வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உங்கள் நிதிப் பிரிவிடம் காட்டுங்கள். அந்தக் கணக்குக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போங்கள்.